பக்கவாதக் கைக்கு எது உதவும்: பெரிய ரோபோவா, காற்றுக் கையுறையா, வீட்டு மேசையா?

கைக்கு ரோபோ சிகிச்சை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயரில் விற்கும் சாதனங்களுக்குள் வேலையும் விலையும் வெகுவாக மாறுகின்றன. பக்கவாதம் வந்தவரை ஏற்காட்டு மலையில் வைத்துக்கொண்டு, சேலத்துக்கு இறக்கிக் கூட்டிப்போவதா, ஆன்லைனில் கையுறை வாங்குவதா என்று தவிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் மையங்களில் இருக்கும் பெரிய சாதனங்கள். எம்ஐடி-மேனஸ் வகை, கையின் முனையை மட்டும் பிடித்துக்கொள்ளும். மேசைமேல் கைப்பிடி, எதிரே திரையில் ஒரு புள்ளி. கைப்பிடியைப் புள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்கு முடியாமல் நின்ற இடத்திலிருந்து மோட்டார் நகர்த்தும். ஆர்மியோ பவர் வகை, தோளிலிருந்து கையோடு சேர்த்துப் பூட்டும் வெளிக்கூடு. மூட்டுகளைத் தனித்தனியே தாங்கும், ஆனால் ஒவ்வொருவரின் கை நீளத்துக்கும் அளவு சரிசெய்யவே நேரம் பிடிக்கும். ஆர்மியோ ஸ்பிரிங்கில் மோட்டாரே கிடையாது. ஸ்பிரிங் கையின் எடையைத் தாங்கும், அசைப்பது நாம்தான். கொஞ்சமாவது அசைவு இருப்பவருக்கு மூன்றில் இதையே நான் முதலில் சொல்வேன்.

சரி, பலன் எப்படி? பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த ராட்டுல்ஸ் ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு எம்ஐடி-மேனஸ், இன்னொன்றுக்கு அதே அளவு நேரம் ஆள் வைத்துப் பயிற்சி, மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை. வாரம் 3 நாள், தினம் 45 நிமிடம், 12 வாரம். கையால் வேலை செய்யும் திறனில் எதிர்பார்த்த அளவு தேறியவர்கள் ரோபோ பிரிவில் 44 சதவீதம், ஆள் பயிற்சியில் 50, வழக்கமான சிகிச்சையில் 42. ரோபோ மிஞ்சவில்லை. அதற்காக ரோபோவே வீண் என்று ஒதுக்கவும் முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2018இல் 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இவ்வகைச் சாதனங்களால் கையின் பலமும் செயல்பாடும் கூடுகின்றன என்கிறது. சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதான் இயந்திரத்தின் பலம். சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு அந்த அசைவு தானாக மாறிவிடாது. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

இப்போது மலையிலிருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 வாரம், வாரம் 3 நாள் என்றால் 36 தடவை. ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். கூட வருகிறவருக்குத் தோட்டத்தில் ஒரு நாள் கூலி போகும். 45 நிமிடப் பயிற்சிக்கு ஒரு நாள் முழுக்கச் செலவு. சேலம் டவுனுக்குள் இருப்பவருக்கு, பக்கத்தில் அப்படி ஒரு மையம் இருந்தால் ரோபோ சரிதான். மலைமேல் இருக்கும் நாகலூர்க்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால்தான் பலரும் காற்றுக் கையுறைக்குப் போகிறார்கள். சின்னப் பம்பு காற்றை ஏற்றி விரலை மடக்கும், உறிஞ்சி விரிக்கும். எங்கள் பெரியப்பாவும் ஒன்று மாட்டியிருந்தார். பம்பு விர்ரென்று இரைய, விரல்கள் மடங்கி விரிய, அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வந்த பிசியோதெரபிஸ்ட் டிவியை நிறுத்தச் சொன்னார். "ஐயா, விரல் விரியறப்ப நீங்களும் விரிக்கப் பாக்கோணும்ங்க."

"நான் விரிச்சா என்ன, அது விரிச்சா என்ன தம்பி?"

"அது மட்டும் விரிச்சா மிஷினுக்குத்தானுங்க பழக்கம். உங்க மூளை விரலுக்குச் சொல்லோணும்ங்க."

கையுறை விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை. சும்மா அசைத்துவிட்டால் மூட்டு இறுகிப்போகாமல் இருக்க ஓரளவு உதவலாம்; கை திரும்பப் பழக, அவரே முயல வேண்டும். வாங்குவதென்றால் கண்ணாடி முறை உள்ளதாகப் பாருங்கள்: நல்ல கையில் சென்சார் உறை, அது செய்வதை மற்றக் கை செய்யும். உணர்ச்சி குறைந்த விரலில் உறை அழுத்தினால் வலி தெரியாது, கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். விரல் ஏற்கெனவே விறைத்து மடங்கியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

இரண்டுக்கும் நடுவில் நம்மூர்ச் சாதனம் ஒன்று இருக்கிறது: புளூட்டோ. வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கியது. ஒரே ஒரு மோட்டார். கைப்பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டு, முன்கை திருப்பல், விரல் விரிப்பு என்று வெவ்வேறு பயிற்சி. மேசைமேல் வைக்கலாம். பயிற்சி திரையில் விளையாட்டாக வருவதால் நோயாளி சும்மா இருக்க முடியாது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது மாதிரி ஒன்று வைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அதுவரை மேசைதான். கொஞ்சமாவது விரல் அசைந்தால், காப்பிக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டம்ளரில் போடுவது, துணி மடிப்பது, பாட்டில் மூடி திருகுவது. அசைவே இல்லையென்றால் நிலைக்கண்ணாடி: கெட்ட கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல்வது. சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாய வலிக்காகக் கொண்டுவந்த முறை. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. செலவு ஒரு கண்ணாடி.

தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வருகிறவரிடம் அடுத்த வருகை வரை தினமும் என்ன செய்ய வேண்டும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். தோளை எப்படித் தாங்குவது என்றும் கேளுங்கள். எந்தச் சாதனம் வாங்கினாலும், வாங்காவிட்டாலும், நோயாளியைத் தூக்கும்போது அவருடைய செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது.