எந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் எந்தப் பொம்மை: பல வருடப் பாதுகாப்பு அனுபவம்

பொம்மை சேகரிப்பவர்கள் பெரும்பாலும் தொடர் வாரியாகத்தான் பெட்டி கட்டுவார்கள். ஒரு தொடரின் கதாபாத்திரங்கள் ஒரு பெட்டி, கார்கள் ஒரு பெட்டி, கட்டைகள் தனி. தேடி எடுக்க வசதி. நான் பல வருடமாக அப்படி வைப்பதில்லை. என் பெட்டிகள் எல்லாம் என்ன பிளாஸ்டிக் என்ற கணக்கில்தான் பிரிந்திருக்கின்றன. வீரன் ஒரு பெட்டியில், அவன் ஓட்டும் வண்டி வேறொன்றில், அவனுடைய ரப்பர் மாதிரியான அங்கி மூன்றாவதில். பார்ப்பவர்களுக்குக் குளறுபடியாகத் தெரியும். ஆனால் பொம்மையைக் கெடுப்பதில் பெட்டியின் தரத்தைவிட, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

முதலில் பிவிசி. தனியாக எடுத்தால் இது தண்ணீர்க் குழாய் போல விறைப்பான பொருள். பொம்மையின் முகமும் அங்கியும் டயரும் வளைந்து கொடுப்பதற்காக இதில் பிளாஸ்டிசைசர் என்ற மென்மையாக்கியைக் கலக்கிறார்கள். அது பிவிசியோடு வேதிப்பிணைப்பில் இல்லை, உள்ளே கலந்து நிற்கிறது, அவ்வளவுதான். வருடங்கள் போகப் போக மேற்பரப்புக்குக் கசிகிறது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். அந்தக் கசிவு பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ் போன்ற கடினப் பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் அதையும் இளக்கிவிடும். பழைய மாடல் கார்களில் டயர் பட்ட இடம் உருகிக் குழிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் பட்டு உருகியது என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டுப் பெட்டிக்குள்ளேயே நடக்கிற வேலை அது. மின்வயரைத் தெர்மோகோலோடு சேர்த்து நாளாக வைத்துப் பாருங்கள், வயர் தெர்மோகோலுக்குள் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும். வயரின் உறை பிவிசி, தெர்மோகோல் பாலிஸ்டைரீன். அதே கதைதான்.

பிவிசி பொம்மையை எதில் வைப்பது என்பதில்தான் சேகரிப்பவர்களிடையே அதிகச் சண்டை. மூடி வைத்தால் பிசுபிசுப்பு வரும், காற்றாட வை என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. காற்றாட வைத்தால் கசிந்த மென்மையாக்கி மெல்லப் பறந்துபோகும், உள்ளிருந்து மேலும் கசியும், பொம்மை சுருங்கி விறைக்கும். பிசுபிசுப்பை இளஞ்சூட்டு நீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுக் கழுவிவிடலாம். போன மென்மையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஆகவே மென்பிவிசி எல்லாம் மூடிய கண்ணாடி ஜாடியில், ஒன்றோடொன்று தொடாமல். ஜாடியில் அடங்காததைப் பாலியெஸ்டர் தாளில் சுற்றி மூடுகிறேன். எல்லாருக்கும் பிடித்த பாலித்தீன் ஜிப் கவர் இந்த வேலைக்குச் சரிப்படாது. மென்மையாக்கியை அதுவே உறிஞ்சும், பொம்மை இன்னும் சீக்கிரம் இழக்கும். அதே காரணத்தால் இந்த ஜாடிகளில் சிலிக்கா ஜெல்லும் போடுவதில்லை, கரியும் போடுவதில்லை.

மென்பிவிசியில் கழற்றக்கூடிய உலோகம் எதுவும் இருந்தால் கழற்றித் தனியே வைக்க வேண்டும். 1959-இல் அறிமுகமான பார்பியின் ஆரம்ப காலப் பொம்மைகளில் உலோகக் காதணி போட்ட காது பச்சையாகிப்போவது சேகரிப்பவர்கள் எல்லாரும் அறிந்த விஷயம். செம்பு கலந்த உலோகம் அரித்து, அந்தப் பச்சை பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. மேலே துடைத்தால் போகாது.

இதற்கு நேர் எதிரானது செல்லுலோஸ் அசிடேட். அதை மூடவே கூடாது. லெகோ கட்டைகள் இன்றைய ஏபிஎஸ்ஸுக்கு மாறியது 1963 வாக்கில். அதற்கு முந்தைய கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டில் ஆனவை. இந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது, அதாவது வினிகர் நாற்றம். அந்த அமிலமே சிதைவை மேலும் துரிதப்படுத்தும். அடைத்து வைத்தால் தன் மூச்சாலேயே தன்னைத் தின்னும், பக்கத்தில் உலோகம் இருந்தால் அதையும் அரிக்கும். பழைய தொகுதி ஒன்றை மொத்தமாக வாங்கும்போது நான் முதலில் செய்வது மூடியைத் திறந்து முகர்வதுதான். கண்ணுக்குத் தெரியுமுன்னே மூக்குக்குத் தெரிந்துவிடும். வினிகர் அடித்தால் அந்தத் துண்டுகள் காற்றோட்டமுள்ள அலமாரியில், மற்றவற்றை விட்டுத் தள்ளி. கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கலாம், எளிதில் தீப்பிடிக்கும் பொருள். அதைச் சேகரிப்போடு வைக்கவே வேண்டாம்.

மற்றவை, அதாவது ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், பாலித்தீன், நைலான் பாகங்கள், அவ்வளவு பிடிவாதக்காரர்கள் இல்லை. இவற்றுக்கு மூடி கிளிப் வைத்த, ஒளி புகாத பாலிபுரொப்பிலீன் பெட்டிகள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். 3 என்று இருந்தால் அது பிவிசி, வேண்டாம். விலை ஏறியதற்கும் பாதுகாப்புக்கும் எந்தச் சம்பந்தமும் எனக்குத் தெரியவில்லை. சாதாரணப் பெட்டிகள்தான் இன்றுவரை ஓடுகின்றன. மூடியின் கிளிப்புகள் மட்டும் உடைகின்றன.

உள்ளே அடைக்கும் பொருளில்தான் நான் கறார். ஸ்பாஞ்ச் கிட்டவே வரக்கூடாது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் நாளடைவில் உதிர்ந்து, பசையாகி, பெயின்ட்டின் மேல் படியும். பெட்டியோடு வந்த ஸ்பாஞ்ச் மெத்தை இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்து எறிகிறேன். ரப்பர் பேண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பபிள் ராப்பை அழுத்திச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழலாம். செய்தித்தாள் மை ஏறும். அமிலமற்ற டிஷ்யூ பேப்பர் போதும், இடைவெளிக்குப் பாலித்தீன் ஃபோம். காற்றை உறிஞ்சி இறுக்கும் வேக்யூம் பைகளை இதற்குப் பரிந்துரைப்பவர்கள், கையை நீட்டி நிற்கும் பொம்மையை ஒருமுறையாவது அதில் வைத்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

வெப்பம்தான் மெதுவான எதிரி. சுமாராக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் வேதிவினை வேகம் இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் கூரைக்கு அடியில் இருக்கும் பரணைவிட, அறையின் கீழ்த்தட்டு எவ்வளவோ மேல். ஒற்றைக்காலில் நிற்கும் சிலைகள் சூட்டில் தம் எடையாலேயே மெல்லச் சாயும், அவற்றைப் படுக்க வைத்துவிடுவேன். ஸ்பிரிங் உள்ள ஏவுகணை, கதவு எல்லாம் தளர்ந்த நிலையில். முறுக்கி வைத்த ஸ்பிரிங் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கைத்தான் முதலில் உடைக்கும்.

ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நின்றால் நிம்மதி. சிறிய ஈரமானி ஒன்று பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு அழைப்பு விட்ட மாதிரி. கடினப் பிளாஸ்டிக் பெட்டிகளில், குறிப்பாக ஸ்குரூ, மின்தொடர்பு, கையேட்டுத் தாள் உள்ளவற்றில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் போடுகிறேன். நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 110 டிகிரி வாக்கில் காயவைத்து மறுபடி உபயோகம். அளவுக்கு மீறிப் போட வேண்டாம். நைலான் மூட்டுகளுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வளைவு இருக்கும், வறண்டுபோனால் திருப்பும்போது முறியும்.

பேட்டரியைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. கழற்றுங்கள், அவ்வளவே. அல்கலைன் பேட்டரி ஏற்கெனவே கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கையுறை போட்டு, பஞ்சு முனையில் வினிகர் தொட்டுத் துடைத்து உலர்த்தலாம்.

மஞ்சள் பூத்தல்தான் எல்லாரும் அதிகம் கேட்பது. வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் ஏபிஎஸ்ஸை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்து மஞ்சளாக்குகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை முழுக்கத் தடுப்பதில்லை. காட்சிக்கு வைப்பதை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்து, எல்.இ.டி. விளக்கு போடுகிறேன், பார்க்கும் நேரம் மட்டும். இருட்டில் வைத்தால் மஞ்சள் வரவே வராது என்று எண்ண வேண்டாம், வேகம் குறையும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒளியும் வைத்து வெளுக்கும் முறை 2008-இலிருந்து பிரபலம். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சள் பல சமயம் திரும்பி வருகிறது, வெளுப்பும் திட்டுத் திட்டாகப் போகலாம். என் பொம்மைகளுக்கு அதைச் செய்வதில்லை. கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் வயது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தப் பெட்டியும் காப்பாற்ற முடியாத வகை ஒன்று உண்டு. 1980, 90-களின் சில உருமாறும் ரோபோக்களில் பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக் வரும். அது தயாரிப்பிலேயே பலவீனமானது, தொட்டாலே நொறுங்கும். அப்படிப்பட்டதை உருமாற்றிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் வைக்கிறேன்.

இந்த முறையின் குறை தேடல்தான். ஒரு தொடரை முழுதாக அடுக்க வேண்டுமென்றால் நாலைந்து பெட்டி இறங்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பொம்மைக்கும் போனில் ஒரு படம், எந்தப் பாகம் எந்தப் பெட்டியில் என்ற ஒரு பட்டியல், மூடியின் மேல் பிளாஸ்டிக்கின் பெயர். ஸ்டிக்கரைப் பெட்டியில்தான் ஒட்டுகிறேன், பொம்மையில் இல்லை. அட்டையோடு பிரிக்காமல் வைத்திருக்கும் பொம்மைகளுக்கு மட்டும் இது எதுவும் முழுதாகப் பொருந்தாது. மென்மையும் கடினமும் அட்டைமேல் ஒட்டிய ஒரே பிளாஸ்டிக் குமிழுக்குள் அடைபட்டிருக்கும். குளிர்ந்த இருட்டில் நிமிர்த்தி வைத்து, வருடத்துக்கு ஓரிரு முறை டார்ச் அடித்துக் குமிழின் உட்புறம் பிசுபிசுப்பு படர்கிறதா என்று பார்க்கிறேன். படர்ந்தால் பிரித்துவிடுவேன். பிரிக்காத அட்டையின் மதிப்பு போனாலும் உள்ளே இருக்கும் பொம்மை மிஞ்சும் என்பது என் கணக்கு. விற்பதற்காக வாங்குபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.