பாக்கெட் ஸ்டீரியோஸ்கோப்புடன் நான்கு ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் வரைபட வேலை பார்க்கும் எனக்கு, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் அமைக்கப்பட்டுப் பின்னர் மறைந்துபோன பதுங்கு குழிகளை, போர் முடிந்தபின் அந்நாட்டு விமானப்படை எடுத்த வான்வழிப் படங்களில் தேடிக் குறிப்பது விடுமுறை நாள் வேலை. அதற்காக வாங்கிய, மடக்குக் கால்களுடன் இருமடங்கு பெரிதாக்கிக் காட்டும் பாக்கெட் ஸ்டீரியோஸ்கோப்பை (இரு கோணப் படங்களை ஒன்றாக்கி முப்பரிமாணமாகக் காட்டும் இரட்டை லென்ஸ் கருவி) நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

தொடக்கத்தில் ஏமாற்றம்தான். குண்டுவீச்சிலிருந்து தப்ப வீட்டுத் தோட்டங்களில் புதைத்த, ஆறு பேர் ஒண்டிக்கொள்ளும் ஆண்டர்சன் குழியின் நீளம் இரண்டு மீட்டர். 1:10,000 அளவுள்ள படத்தில் அது 0.2 மில்லிமீட்டர் புள்ளி. ஸ்கேன் கோப்பை நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சிட்ட பிறகே கருவி பயன்பட்டது. அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 60 சதவீதம் ஒரே நிலத்தைக் காட்டுவதால், ஒரு தோட்டத்தை இரு கோணங்களில் ஒருசேரப் பார்க்கலாம். உயரம் உள்ளதைவிட மிகைப்பட்டுத் தெரியும், எனவே 1.2 மீட்டர் ஆழம் புதைத்து, கூரைமேல் 40 சென்டிமீட்டர் மண் போர்த்திய எஃகுத் தகட்டுக் குழி, வெறும் கறையாக இல்லாமல் மேடாக எழும்பி நிற்கும். பள்ளி மைதானத்துச் செங்கல் பதுங்கிடங்களுக்கு இக்கருவியே வேண்டாம். வெளிறிய கான்கிரீட் கூரையும் நேர்க்கோட்டு நிழலும் போதும். பதுங்குவதற்காக வீட்டுக்குள் வைத்த மாரிசன் என்ற எஃகுக் கூண்டு எந்தப் படத்திலும் அகப்படாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

முதல் ஆண்டில் ஒரு தெரு முழுவதையும் திறந்த பள்ளங்கள் என்று குறித்துவிட்டேன். இடப்பக்கப் படத்தை வலப்பக்கம் வைத்திருந்ததால் மேடெல்லாம் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. இப்போது முதலில் வீட்டுக் கூரையைத்தான் பார்க்கிறேன். அது குழிந்து தெரிந்தால் படங்கள் இடம் மாறியிருக்கின்றன. நிழல் என் பக்கம் விழுமாறு தாளைத் திருப்பிக்கொள்வதும் பழக்கமாகிவிட்டது.

போருக்குப் பின் பலர் ஆண்டர்சன் குழியின் எஃகுத் தகடுகளைத் தோண்டியெடுத்துத் தோட்டக் கொட்டகையாக நிறுத்திக்கொண்டார்கள். அத்தகைய கொட்டகையையும் சாதாரணக் கொட்டகையையும் கருவி பிரித்துக் காட்டுவதில்லை. அங்கெல்லாம் கேள்விக்குறி இட்டு நகர்கிறேன்.

இரண்டாம் ஆண்டிலேயே ஒரு கால் தளர்ந்துவிட்டது. ரப்பர் பேண்டு தாங்கிப் பிடிக்கிறது. இருபது நிமிடத்துக்கு மேல் பார்த்தால் கண் வலிக்கிறது. மழைக்கால மங்கல் வெளிச்சத்தில் மேசை விளக்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆயினும் அடுத்தடுத்த இரு படங்கள் கிடைப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒற்றைப் படம் மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண உருப்பெருக்கியே போதும்.