ஸ்காபரோவில் ஒரு கஞ்சாக் கடை: மருந்துக்கடைக்காரியின் மதிப்பீடு

கனடாவின் டொரொன்டோவில், ஸ்காபரோ பகுதியில் நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் பிளாசாவிலேயே, ஒரு நகைக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சாக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். குறை சொல்லவும் இருக்கிறது, அந்தக் குறை இந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதும் இல்லை.

நான் மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள். பிரஷர் குளிசை வாங்க வரும் எங்கள் ஆட்கள், காசைக் கட்டிவிட்டு, போகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "பிள்ளை, அந்த ஜெலி இனிப்பு முழங்கால் நோவுக்கு நல்லதாமே? நித்திரையும் வருமாமே?" ஊரில் கஞ்சா என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்க விடாத மாமிமார்தான் கேட்கிறார்கள். விற்கிற இடத்தைப் பார்க்காமல் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால் போனேன்.

கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வம். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் வாங்க 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். தனியார் கடைகள் 2019 ஏப்ரலில் திறந்தன, சாப்பிடும் வகைகள் 2020 தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்பது தலைமுடியிலேயே தெரியும், இருந்தாலும் கேட்டதற்கு ஒரு நல்ல புள்ளி. உள்ளே நல்ல வெளிச்சம், துப்புரவு, ஒரு கைத்தொலைபேசிக் கடை போலத்தான் இருக்கிறது. எல்லாம் மூடிய பொதிகளில் இருப்பதால் மணமும் இல்லை.

கவுண்டரில் நின்றது ஒரு தமிழ்ப் பொடியன். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சின்னத் திடுக்கம், அம்மாவின் சிநேகிதியோ என்று யோசித்திருப்பான். அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "வாங்கோ அன்ரி, முதல் தரமா?" என்றான். நித்திரைக்கும் முழங்காலுக்கும் எது நல்லது என்று வேண்டுமென்றே கேட்டேன். "அன்ரி, வருத்தத்துக்கு இது நல்லது என்று நாங்கள் சொல்லக்கூடாது. அதை டொக்டரிட்டக் கேளுங்கோ. எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு நேரம் பொறுக்கிறது என்று மட்டும் சொல்லுறன்." இங்கே கடை ஊழியர்கள் கட்டாயம் ஒரு பயிற்சி முடித்திருக்க வேண்டும், நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்க அனுமதியும் இல்லை. பொடியன் விதியை மீறவில்லை. நல்ல பிள்ளை.

என் சண்டை அவனோடு இல்லை. அவன் தலைக்கு மேலே தொங்கிய பெரிய திரையோடுதான்.

அந்தத் திரையில் உலர்ந்த பூ வகைகள் டி.எச்.சி. அளவுப்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. உச்சியில் 30 சதவீதத்தைத் தாண்டியது, அதற்குப் பக்கத்திலேயே விலைக்கழிவு. டி.எச்.சி. என்பதுதான் தலைக்கு ஏறும் பொருள். கனடா சுகாதாரத் துறையின் கணக்கில், 1980களில் கிடைத்த கஞ்சாவில் அது சராசரியாக 3 சதவீதம், இப்போது 15 சதவீதம் அளவில். திரையில் 15 சதவீதத்தைத் தேடினேன், கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் செய்த ஓர் ஆய்வு 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. 10 சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, ஒருபோதும் எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், மனநோய் வரும் சாத்தியம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அதில் கண்டார்கள். அந்த ஆய்வில் 'வீரியமானது' என்று பிரிக்கப்பட்ட 10 சதவீதம், இந்தக் கடையில் பலவீனமான சரக்கு! எனக்கு முன்னால் நின்ற இரண்டு இளம் பொடியன்கள் நேரே உச்சி வரியைக் காட்டித்தான் கேட்டார்கள். மூளை ஏறக்குறைய இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று சுகாதாரத் துறையே எச்சரிக்கும் நாட்டில், 19 வயதுக்காரனுக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வரி. குறைந்த டி.எச்.சி. வகைகளை மேலே போட்டால் சட்டம் தடுக்கப்போவதில்லை. கடை போடாது, அவ்வளவுதான்.

சரி, வாங்கிய பொருளுக்கு வருவோம். பழச்சுவை ஜெலி இனிப்பு, ஒரு பொதியில் இரண்டு, ஒவ்வொன்றிலும் 5 மில்லிகிராம் டி.எச்.சி. சாப்பிடும் வகைகளில் ஒரு பொதிக்கு மொத்தம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கனடாவின் சட்டம். விலை ஆறு டொலர் சொச்சம். பொதியில் சிவப்பு நிறத்தில் கஞ்சா இலைச் சின்னம், மஞ்சள் கட்டத்துக்குள் எச்சரிக்கை, வேறு அலங்காரம் எதுவும் இல்லை. பிள்ளைகள் திறக்க முடியாத பூட்டு வேறு. உண்மையில் நானும் திறக்க முடியாமல் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. மூட்டுவாதத்துக்கு இதை வாங்கும் மாமி என்ன செய்வார்? கத்தரிக்கோலால் வெட்டுவார். வெட்டினால் அந்தப் பூட்டுக்கு வேலை இல்லை. மிச்ச இனிப்பு பிரிஜ்ஜில், பேரப்பிள்ளையின் கைக்கு எட்டும் தட்டில் இருக்கும். ஒன்ராறியோ உட்பட, சாப்பிடும் வகைகளை அனுமதித்த மாகாணங்களில் சின்னப் பிள்ளைகள் கஞ்சா நஞ்சேறி ஆஸ்பத்திரிக்குப் போவது கூடியது. இனிப்பு, சொக்லேட் வடிவில் விற்கவிடாத கியூபெக்கில் அந்த ஏற்றம் குறைவாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் கியூபெக் செய்ததுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அடுத்த நாள் வேலை இல்லாத ஒரு இரவு, கார்ச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டேன். 2.5 மில்லிகிராம். சுவை பரவாயில்லை, கடைசியில் புல்லை மென்றதுபோல ஒரு கசப்பு. முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் வாய் உலர்ந்தது, நெஞ்சு படபடத்தது, தொலைக்காட்சியில் போன செய்தி ஏனோ மிக நீளமாகப் பட்டது. கட்டிலிலிருந்து எழும்பியபோது தலை ஒரு சுற்றுச் சுற்றியது. நித்திரை வந்தது உண்மை. விடிந்த பிறகும் மத்தியானம் வரைக்கும் தலைக்குள் பஞ்சு. முழங்கால்? அது எப்போதும் போலத்தான் நொந்தது.

அந்த ஒன்றுமே இல்லாத ஒரு மணி நேரத்தில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. புகைத்தால் நிமிடங்களில் ஏறும். சாப்பிட்டால் குடலைக் கடந்து ஈரலுக்குப் போய், அங்கே இன்னும் வலுவான வேறொரு வடிவத்துக்கு மாறித்தான் மூளைக்குப் போகும். அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். உச்சம் நான்கு மணி நேரத்தில்கூட வரும், விளைவு பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். கஞ்சாக் கடைகள் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த அமெரிக்காவின் கொலராடோவில், 2014 மார்ச்சில், 19 வயது மாணவன் ஒருவன் கஞ்சா பிஸ்கட்டில் ஒரு துண்டு சாப்பிட்டான். ஒன்றும் தெரியவில்லை என்று, ஒரு மணி நேரத்துக்குள் மிச்சம் முழுவதையும் சாப்பிட்டான். அதில் ஆறு பேருக்குரிய அளவு இருந்தது. சில மணி நேரத்தில் டென்வர் விடுதியின் நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தான். பொடியன் எனக்கு, "இரண்டு மணி நேரத்துக்கு இன்னொன்று தொடாதீங்கோ அன்ரி" என்று இரண்டு தரம் சொன்னான். அதற்காகவே இந்தக் கடைக்கு நான் நட்சத்திரம் தருகிறேன்.

ஆனால் அவன் கேட்காதது ஒன்று: வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? மருந்துக்கடையில் முதல் கேள்வியே அதுதான். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு, அதை உடைக்கும் ஈரல் நொதியைக் கஞ்சா மந்தப்படுத்தலாம், மருந்து உடம்பில் தேங்கி இரத்தக்கசிவுக்கு வழி பண்ணலாம். பிரஷர் குளிசையோடு சேர்ந்தால் எழும்பும்போது இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவது சின்ன விஷயமா? நெஞ்சு வருத்தக்காரருக்கு அந்தப் படபடப்பே போதும்.

நோவுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கை, வளர்ந்தவர்களின் நாட்பட்ட நோவுக்கு இது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாகவே சொன்னது. புகைப்பவர்களுக்கு நாட்பட்ட இருமலும் சளியும் வருவதையும், கஞ்சாவோடு வாகனம் ஓட்டினால் விபத்து கூடுவதையும் அதே அறிக்கைதான் சொன்னது. நித்திரைக்காகத் தினமும் எடுத்துப் பழகினவர் நிறுத்தினால் நித்திரை இன்னும் கெடும், கெட்ட கனவுகள் வரும். மாமிமாருக்கு இதை ஒருவரும் சொல்வதில்லை.

எங்கள் கவுண்டருக்கு இன்னொரு கூட்டமும் வரும். வாந்திக் குளிசையைப் பெட்டி பெட்டியாக வாங்கும் இளைஞர்கள். சுடுதண்ணீரில் குளித்தால்தான் சுகமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எங்கள் மருந்தாளருக்கு உடனே பொறி தட்டும். நீண்ட காலம், நிறையக் கஞ்சா எடுப்பவர்களுக்கு வரும் ஓயாத வாந்தி அது. 2004இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பக்கத்து வைத்தியர்கள் முதலில் விவரித்து எழுதினார்கள். வாந்தியை நிறுத்தக் கஞ்சா உதவும் என்று கேட்டிருப்பதால், அவர்கள் இன்னும் கூட எடுப்பார்கள். கஞ்சாவை முற்றாக நிறுத்துவதுதான் அதற்கு நிரந்தரத் தீர்வு. மஞ்சள் கட்ட எச்சரிக்கைகளில் நான் பார்த்தவரைக்கும் இந்த வாந்தி கண்ணில் படவில்லை.

என் புள்ளிகள்: ஊழியருக்கு ஐந்தில் நான்கு. ஜெலி இனிப்புக்கு இரண்டரை, அதுவும் அளவு சரியாகக் குறித்திருப்பதற்காக. அந்தத் திரைக்கு ஒன்றுகூட இல்லை. வார்ஃபரின் எடுக்கும் மாமிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்குப் பூசும் நோவு ஜெல்லைக்கூட மருந்தாளரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னேன், கொஞ்சம் கோபித்துக்கொண்டார். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று: இங்கே கடையில் பில்லோடு வாங்கினாலும், அதை எல்லை கடத்திக் கொண்டுபோவது கனடாச் சட்டத்திலேயே குற்றம். பயணப்பெட்டி கட்டும்போது பொதி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.