அலறுவதற்கென்றே ஒரு செயலி: கீவ் நகரிலிருந்து 'பொவீத்ரியானா த்ரிவோகா' பற்றிய மதிப்புரை

நான் படிக்கும் உக்ரைன் தலைநகர் கீவில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி என்றால், கோடைகாலத்தில் விருதுநகரில் அதிகாலை நாலரை மணி. வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவு டப்பாவைத் திறக்கும் அந்த நேரத்தில் என் அம்மாவின் கைப்பேசி திண்ணையில் கிடந்தபடி அலறும். அடுத்த நிமிடமே எனக்கு அழைப்பு வரும்: "ஏய்யா, கீழ எறங்கிட்டியா?" உக்ரைனின் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் உலகின் எந்த மூலையிலிருந்தும் தேர்ந்து வைத்துக்கொள்ள, வான்தாக்குதல் அபாயம் வந்தால் அலறும் இந்தச் செயலி அனுமதிப்பதால், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களும் நம்மோடு சேர்ந்து விழித்துக்கொள்கிறார்கள். இதை வசதியாகக் கருதுவதா, கொடுமையாகக் கருதுவதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

'பொவீத்ரியானா த்ரிவோகா' என்றால் உக்ரைனிய மொழியில் 'வான்தாக்குதல் எச்சரிக்கை' என்று பொருள். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, மார்ச் மாதத்தில், உக்ரைனின் எண்ணிம மாற்ற அமைச்சகத்தின் ஆதரவோடு அஜாக்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனமும் ஸ்ட்ஃபால்கன் நிறுவனமும் இதை உருவாக்கி இலவசமாக வெளியிட்டன. அஜாக்ஸ், வீடுகளுக்கும் கடைகளுக்கும் திருட்டு எச்சரிக்கைக் கருவிகள் செய்து விற்கும் கீவ் நகர நிறுவனம். மணியடித்து ஆட்களை எழுப்புவது அதற்குப் பழகிய தொழில் என்பது செயலியின் ஒவ்வோர் அங்கத்திலும் தெரிகிறது. வான்படையிடமிருந்து தகவல் வந்ததும், மாகாணக் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருப்பவர் தெருச் சைரனை முடுக்கும்போது செயலிக்கும் சமிக்ஞை போய்விடுகிறது. பல நகரங்களில் சைரன் ஒலி எட்டாத புறநகர்ப் பகுதிகளும், மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல் போட்ட அடுக்ககங்களும் இருந்ததால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்புவதுதான் இதன் முதல் நோக்கம்.

நிறுவுவதில் சிரமம் ஏதுமில்லை. கணக்கு தொடங்க வேண்டாம், கைப்பேசி எண் தர வேண்டாம். பகுதியைத் தேர்ந்தால் முடிந்தது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. ஒலியடக்கிய நிலையிலும், 'தொந்தரவு செய்யாதே' நிலையிலும் ஒலிப்பதற்கான அனுமதியைக் கைப்பேசி தனியாகக் கேட்கும். அதற்குச் சம்மதம் தெரிவித்தாக வேண்டும். ஆண்ட்ராய்டில் இத்துடன் மின்கலச் சேமிப்பு அமைப்பிலிருந்தும் செயலிக்கு விலக்குக் கொடுத்துவிடுவது நல்லது. சென்ற ஆண்டு புதுக் கைப்பேசி வாங்கிய அன்று, எல்லா அனுமதிக் கேள்விகளுக்கும் பழக்கதோஷத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுப் படுத்தவன் நான். அன்று இரவு என்னை எழுப்பியது செயலி அல்ல. சன்னல் சட்டம் தடதடவென்று அதிர்ந்த சத்தம்தான். தவறு முழுக்க என்னுடையது. அதற்குப் பிறகு, எங்கள் ஹாஸ்டலுக்குப் புதிதாக வரும் தம்பிகளின் கைப்பேசியை வாங்கி, அந்த அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்களுக்குத் தேநீரே கொடுக்கிறேன்.

ஒலி விஷயத்தில் செயலிக்கு முழு மதிப்பெண். தாழ்ந்து தொடங்கி மேலேறி மறுபடி தாழும் அந்தச் சைரன் ஒலி, அழைப்பு மணியோடோ அலாரத்தோடோ குழம்ப வாய்ப்பே இல்லாதது. ஆங்கில மொழியைத் தேர்ந்தால் 2023 மார்ச் முதல் ஹாலிவுட் நடிகர் மார்க் ஹேமிலின் குரல் நம்மைப் பதுங்கிடத்துக்குப் போகச் சொல்கிறது. அளவுக்கு மீறிய நம்பிக்கையே உன் பலவீனம் என்று அறிவுரையும் தருகிறது. முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. மூன்றாவது வாரம் நான் உக்ரைனியக் குரலுக்கே திரும்பிவிட்டேன். தூக்கத்தில் கேட்பதற்கு நடிப்பு கலவாத குரல்தான் எனக்கு ஒத்துவருகிறது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், அது செயலியின் குறை என்பதைவிட எச்சரிக்கை முறையின் குறை. தொடக்கத்தில் எச்சரிக்கை மாகாணம் முழுமைக்கும் ஒன்றாகவே ஒலித்தது. ஒரு மாகாணம் என்பது நம்மூரில் பல மாவட்டங்களைச் சேர்த்த பரப்பு. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு ட்ரோன் தென்பட்டால் மதுரைக்காரரும் மாடியிறங்கி ஓட வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு. பின்னர் மாவட்ட அளவிலும், சில பகுதிகளில் உள்ளாட்சி அளவிலும் பிரித்துத் தரத் தொடங்கியபின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆயினும், கின்ழால் ஏவுகணையைச் சுமக்கும் மிக்-31கே விமானம் ரஷ்யாவில் மேலெழும்பினாலே நாடு முழுவதும் எச்சரிக்கை வரைபடம் சிவந்துபோன நாட்களை இங்கிருப்பவர்கள் மறக்கவில்லை. லுகான்ஸ்க் மாகாணமோ 2022 ஏப்ரல் முதல் அணையாமல் சிவப்பாகவே இருக்கிறது. ஒரு நாளில் நான்கு முறை கீழே இறங்கி நான்கு முறையும் ஒன்றும் நடக்காமல் மேலேறியவர், ஐந்தாம் முறை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதை நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆபத்து அந்த ஐந்தாம் முறைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இதன் வேர், அலறல் ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் வருவது ஒன்றல்ல என்பதில் இருக்கிறது. ஈரானிய வடிவமைப்பான ஷாஹெட்-136 வகை ட்ரோன் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கிறது. எல்லையைத் தாண்டி, வளைந்தும் நெளிந்தும் கீவ் நகரை எட்ட அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இஸ்கந்தர் போன்ற பாலிஸ்டிக் ஏவுகணைக்குச் சில நிமிடங்களே போதும். வெடிச்சத்தம் முதலிலும் சைரன் பின்னாலும் வந்த இரவுகளும் உண்டு. ட்ரோன் என்றால் காலுறை போட்டு, தண்ணீர் புட்டியை நிரப்பி, மெட்ரோ நிலையம் வரை நடந்து போகலாம். பாலிஸ்டிக் என்றால் மாடிப்படியில் மாட்டிக்கொள்வதைவிடக் கட்டிடத்தின் உட்பகுதிக்கு உடனே போய்விடுவது மேல். நான் பயன்படுத்தியவரை, இந்த வேறுபாட்டைச் செயலியின் ஒலி சொல்வதில்லை. ஆகவே இங்கே ஏறத்தாழ எல்லோரும் செயலியோடு உக்ரைனிய வான்படையின் டெலிகிராம் தடத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். எந்த மாகாணத்தின் மேல் ட்ரோன், எந்தத் திசை, பாலிஸ்டிக் அபாயம் உண்டா என்று அது ஒற்றை வரியில் சொல்லிவிடும். எச்சரிக்கை ஒலித்ததும் முதலில் சன்னலைவிட்டு விலகி, அதன்பின் அந்த வரியைப் படிப்பதே சரியான வரிசை. படித்துவிட்டு எழலாம் என்று படுக்கையிலேயே கிடந்து திரையை உருட்டுவது பலர் செய்யும் பிழை.

ஷாஹெட்டின் சத்தத்தை இங்குள்ளவர்கள் 'மோப்பெட்' என்று அழைக்கிறார்கள். கேட்ட முதல் இரவே எனக்கு எங்கள் தெருப் பால்காரரின் டி.வி.எஸ். 50 மேடேறும் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சத்தம் நெருங்கும்போது பால்கனிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற இச்சை எல்லோருக்கும் வருகிறது. அதைத்தான் முதலில் அடக்க வேண்டும். பதுங்கிடத்துக்குப் போக நேரமில்லாதவர்களுக்கென இங்கே 'இரு சுவர் விதி' சொல்லித் தரப்படுகிறது: வெளிப்புறத்துக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு சுவர்களாவது இருக்க வேண்டும், முதல் சுவர் அதிர்ச்சியையும் இரண்டாவது சுவர் சிதறல்களையும் வாங்கிக்கொள்ளும். எங்கள் ஹாஸ்டலில் அந்த இடம் நான்காம் மாடிக் காரிடார். குளியலறை பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணாடியும் சுவரில் பதித்த ஓடுகளும் உடைந்து கத்தியாகிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஹாஸ்டல் பொறுப்பாளரான மூதாட்டி எங்களுக்குச் சொன்ன யோசனைதான் எனக்கு மிகவும் பயன்பட்டது: மாலைச் செய்தியிலேயே ட்ரோன்கள் கிளம்பியதாகத் தெரிந்தால், மெத்தையை முன்கூட்டியே காரிடாரில் போட்டுப் படுத்துவிடுங்கள் என்றார். நள்ளிரவில், அரைத் தூக்கத்தில் முடிவெடுக்கும் வேலையே அதன்பின் இல்லை.

மெட்ரோ நிலையங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மதிப்புரை எழுதலாம். ஆர்சனால்னா நிலையம் 105.5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டு நகர்படிக்கட்டுகளில் மாறி இறங்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். ஊரடங்கு நேரத்திலும் எச்சரிக்கை வந்தால் பதுங்கிடத்துக்குப் போகத் தடையில்லை. சுருட்டிய பாய், மடக்கு நாற்காலி, கூடையில் பூனை, மடியில் உறங்கும் குழந்தை என்று நடைமேடை நிரம்பியிருக்கும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: எச்சரிக்கை நேரத்தில் சிவப்புத் தடத்தின் தரைமேல் பகுதியில், ஆற்றுப் பாலத்தின் மீது, ரயில்கள் ஓடுவதில்லை. அக்கரையில் வகுப்பு வைத்திருப்பவர் எச்சரிக்கை முடியும்வரை இக்கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

தெருவில் நடக்கும்போது எச்சரிக்கை வந்தால், சுவர்களில் 'உக்ரித்யா' என்ற சொல்லோடு அம்புக்குறி வரைந்திருப்பதைத் தேடுங்கள். அது பதுங்கிடத்தைக் காட்டும். எதுவும் அகப்படாமல் சத்தம் நெருங்கிவிட்டால், வண்டிகளையும் கண்ணாடி முகப்புகளையும் விட்டு விலகி, பள்ளத்திலோ நடைபாதைத் திட்டின் ஓரத்திலோ குப்புறப்படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

வதந்தி பற்றியும் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு டெலிகிராம் தடத்தை நான் சில மாதங்கள் பின்தொடர்ந்தேன்; ஒவ்வோர் இரவும் பேரழிவு வருவதாக எழுதி, விடிந்ததும் அந்தப் பதிவுகளை நீக்கிவிடும் பழக்கம் அதற்கு. தூக்கம் போனதே தவிர, ஒரு முறைகூட அதனால் நான் பாதுகாப்பாக இருந்ததில்லை. இன்னொன்று, வானத்தில் வெடிப்பதைப் படம் பிடித்து உடனே ஊருக்கு அனுப்பும் ஆசை. வான்பாதுகாப்புப் படை எங்கிருந்து சுட்டது, ஏவுகணை எங்கே விழுந்தது என்பதெல்லாம் எதிரிக்குப் பயன்படும் தகவல்கள். 2022 மார்ச்சில் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டப்படி படைகளின் இருப்பிடத்தையும் நகர்வையும் பரப்புவது தண்டனைக்குரியது. வெளிநாட்டு மாணவர் என்ற காரணம் அங்கே செல்லாது.

ஆபத்து நீங்கியதற்கான அறிவிப்பை 'வித்பீய்' என்கிறார்கள். செயலியில் அந்தச் செய்தி வரும்வரை பதுங்கிடத்தில் இருப்பதுதான் முறை. ஒரு வெடி கேட்டது, முடிந்துவிட்டது என்று மேலேறுபவர்களுக்கு, அதே இடத்தில் இரண்டாவது தாக்குதல் நடந்த நிகழ்வுகள் நினைவிருக்க வேண்டும். வித்பீய்க்குப் பின்னும் முற்றத்தில் கிடக்கும் உலோகத் துண்டைத் தொடக் கூடாது. ஷாஹெட் சுமக்கும் வெடிப்பொருள் பல பத்துக் கிலோகிராம். வெடிக்காமல் விழுந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. விலகி நின்று 101 எண்ணில் மீட்புப் பணியினரையோ 102 எண்ணில் காவல்துறையையோ அழைக்க வேண்டும்.

மின்வெட்டு நீளும் குளிர்காலத்தில் இந்தச் செயலியின் எல்லை தெரிந்துவிடும். இணையம் இல்லையென்றால் அது ஊமை. கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலம் தீர்ந்த மாலைகளில், தெருச் சைரனைத்தான் நம்ப வேண்டியிருந்தது. எனவே பவர் பேங்க், டார்ச், கடவுச்சீட்டு, தண்ணீர், கனத்த மேலங்கி ஆகியவை கொண்ட அவசரப் பை கதவருகே இருக்க வேண்டும். கீவ்வாசிகள், நகரச் சேவைகளுக்காகத் தொடங்கிய 'கீவ் டிஜிட்டல்' செயலியையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அதிலும் எச்சரிக்கை வருகிறது, பதுங்கிட வரைபடமும் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது ட்ரோனுக்கும் பாலிஸ்டிக் ஏவுகணைக்கும் ஒரே குரலில் அலறுவதற்காக. அம்மாவின் கைப்பேசியிலிருந்து இதை நீக்கிவிடச் சொல்லி இருமுறை கேட்டுப் பார்த்தேன். "நீ கீழ எறங்கிட்டேன்னு ஒரு வார்த்த மெசேஜ் போடு, அப்புறம் எடுக்குறேன்" என்கிறாள். காரிடாருக்குப் போனதும் இப்போது நான் முதலில் செய்வது அதுதான். செயலி இன்னும் அவள் கைப்பேசியில்தான் இருக்கிறது.