நிறுத்திப் பார்ப்பதா, ஓடவிட்டுப் பார்ப்பதா: காபி டிரையர் போர்டில் டீபக்கர்

மேசைமேல் கிடக்கும் போர்டுக்கு ஸ்டெப்பிங் (நிரலை நிறுத்தி வரி வரியாக ஓட்டிப் பார்ப்பது), மெஷினில் மாட்டிய போர்டுக்கு டிரேஸிங் (நிரலை ஓடவிட்டு, நடந்ததைப் பதிவாக எடுத்துப் படிப்பது). ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றுக்குக் காபி டிரையர் கன்ட்ரோல் போர்டு செய்துகொடுத்த பிறகு நான் வந்து நின்ற இடம் இதுதான். இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பழக நேரம் இருக்கிறது என்றால் டிரேஸிங் பக்கம் போங்கள் என்பேன்.

சிப் எஸ்டிஎம்32எஃப்103 என்ற மைக்ரோகன்ட்ரோலர். கையில் டீபக்கராக, அதாவது சிப்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோளாறு தேடும் கருவியாக, எஸ்டி-லிங்க் நகல் ஒன்று, கம்ப்யூட்டரில் அதோடு பேசும் ஓபன்ஓசிடியும் நிரலை நிறுத்தி ஓட்டும் ஜிடிபியும். சேலம் பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் ஜோடிதான்.

டீபக்கரே இணையவில்லை என்றால் எது சிறந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் அதை முதலில் முடித்துவிடலாம். கிரவுண்ட் வயர் சரியாக இருக்கிறதா பாருங்கள், ஜம்பர் வயர் நீளமாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். சிப்பின் அடையாள எண் 1பிஏ என்று தொடங்காமல் 2பிஏ என்று வந்தால் போர்டில் இருப்பது வேறு நிறுவனத்தின் சிப். ஓபன்ஓசிடி அமைப்புக் கோப்பில் அந்த எண்ணை மாற்றினால் போதும். முன்பு ஏற்றிய நிரல் டீபக் பின்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தால் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி இணைக்க வேண்டும். இணைந்த பிறகு ஸ்டெப் போட்டால் வரிகள் முன்னும் பின்னும் தாவுகிறதா? கம்பைலர் வேகத்துக்காக வரிகளை மாற்றி அடுக்கும் ஆப்டிமைசேஷனைக் குறையுங்கள். பிரேக்பாயிண்டில் (நிரல் நிற்க வேண்டும் என்று நாம் குறிக்கும் வரி) நின்ற சற்று நேரத்தில் போர்டு தானாக ரீசெட் ஆனால் அது வாட்ச்டாக், அதாவது நிரல் தொங்கிவிட்டதாக நினைத்துச் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். சிப் நிற்கும்போது அதையும் நிறுத்தி வைக்க டீபக் பதிவேட்டில் ஒரு பிட் இருக்கிறது.

ஸ்டெப்பிங்கின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணக்கு எந்த வரியில் தவறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இந்தச் சிப்பில் 6 ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட் வைக்கலாம். 4 வாட்ச்பாயிண்டும் உண்டு. ஒரு மாறியை யார் வந்து அழிக்கிறார்கள் என்று பிடிக்க அதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சென்சார் அளவை டிகிரியாக மாற்றும் பகுதி முழுவதையும் ஸ்டெப் போட்டுத்தான் சரிபார்த்தேன்.

சிக்கல் ஹீட்டரை மாட்டிய பிறகுதான். பிரேக்பாயிண்டில் நிற்பது சிப் மட்டும்தான், டிரையர் நிற்காது. ரிலேவுக்குப் போகும் பின் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் இருக்கும். ஹீட்டர் எரியும்போது நிறுத்தினால், நீங்கள் மாறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க அது எரிந்துகொண்டே இருக்கும். அணைக்க வேண்டிய நிரல்தான் தூங்குகிறதே. டைமரும் அப்படித்தான், தனியாக ஒரு பிட் போட்டுச் சொல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் மோட்டாரை ஓட்டினால் பழைய வேகத்திலேயே சுற்றும். டைமரையாவது நிறுத்த முடிகிறது, சாதாரண அவுட்புட் பின்னுக்கு அந்த வசதியும் இல்லை. பார்ச்மெண்ட் காபி (மேல்தோல் நீக்கி, உள்தோலோடு உலர்த்தும் கொட்டை) சூட்டில் கெட்டால் திரும்ப வராது. ஹீட்டருக்குப் பதில் பல்பு மாட்டிச் சோதிக்கலாம், நானும் சோதித்தேன். ஆனால் எங்கள் கோளாறு பல்போடு வரவே இல்லை.

கோளாறு இதுதான். எஸ்டேட் சூப்பர்வைசர் போனில், "ஏனுங்க, ராத்திரியில ரிலே டக்கு டக்குனு அடிச்சுக்குதுங்க, சூடே ஏற மாட்டேங்குது" என்றார். 45 டிகிரியைத் தாண்டினால் ஹீட்டரை அணைக்கும் வரியில் பிரேக்பாயிண்ட் வைத்தால் நிச்சயம் பிடிபடும், 51.7 என்று காட்டவும் செய்யும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, அடுத்த நொடி என்ன ஆனது என்பது தெரியாது. அளவை மறுபடி எடுத்தால் 38. சென்சாரைக் குற்றம் சொல்லிவிட்டு வேறொன்று மாட்டத்தான் தோன்றும்.

டிரேஸில் நான்கு வரி போதுமாக இருந்தது: 38.2, புளோயர் ஆன், 51.7, ரிலே ஆஃப். அடுத்த வரியில் மறுபடி 38.3. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. புளோயர் மோட்டார் கிளம்பும் நேரத்தில், அதன் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்த சென்சார் வயரில் இரைச்சல் ஏறுகிறது. வயரைப் பிரித்து வேறு வழியில் ஓட்டி, மூன்று அளவுகளில் நடுவிலுள்ளதை எடுக்கும்படி நிரலை மாற்றியதும் ரிலே அடங்கியது.

டிரேஸிங்கும் இலவசமில்லை. யுஏஆர்டி என்ற சீரியல் இணைப்பில் 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 40 எழுத்துள்ள ஒரு வரி சுமார் 3.5 மில்லி செகண்ட் தின்னும். 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை அளவெடுக்கும் நிரலில், வரி போய் முடியும்வரை காத்திருக்கும் பிரிண்ட்எஃப் கட்டளை போட்டால் மூன்றில் ஒரு பங்கு நேரம் அதற்கே போய்விடும். கோளாறே இடம் மாறிவிடலாம். அதனால் வாக்கியம் எழுதாமல் நிகழ்வு எண்ணையும் அளவையும் மட்டும் ராமில் ஒரு சுற்று பஃபரில் (நிறைந்ததும் பழையதன்மேல் எழுதும் இடம்) போடுவதே நல்லது. மேசையில் இருக்கும்போது அதை ஆர்டிடி என்ற முறையில் டீபக்கரே, சிப்பை நிறுத்தாமல், படித்துக்கொள்ளும். ஓபன்ஓசிடியின் புதிய பதிப்புகளில் அந்த வசதி இருக்கிறது. டிரேஸை வெளியே அனுப்பத் தனிப் பின் வைக்கும் எஸ்.டபிள்யூ.ஓ. இன்னும் நல்ல வழி என்பார்கள், ஆனால் மலிவு நகல்களில் பெரும்பாலும் அந்தப் பின்னையே வெளியே எடுத்திருக்க மாட்டார்கள். மலைமேல் இருக்கும் போர்டில் அதே பஃபர் எஸ்.டி. கார்டுக்குப் போகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குப் பதில், சேலம் வருபவர் யாரிடமாவது கார்டைக் கொடுத்தனுப்பச் சொன்னால் முடிந்தது. ஸ்டெப்பிங்கை அப்படிக் கொடுத்தனுப்ப முடியாது.

ஆர்டிஓஎஸ் (பல வேலைகளை மாறிமாறி ஓட்டும் சிறு இயங்குதளம்) போட்டு நிறைய டாஸ்க் ஓடும் போர்டுகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கேயும் டிரேஸிங்தான் என்று நினைக்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டெப்பிங்கை நானும் கைவிட்டுவிடவில்லை. ஆனால் பிரேக்பாயிண்ட் வைப்பதற்கு முன் ஹீட்டர் வயரை டெர்மினலிலிருந்து கழற்றிவிடுகிறேன்.