பீலிக்கு மூடி வேண்டாம் என்று சொன்ன பீலிக்காரர்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்பக்கம் ஒரு பெரிய சில்வர் மேப்பிள் நிற்கிறது. வைகாசி கடைசியில் அதன் இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழும், பாதி, கூரை விளிம்பில் மழைத்தண்ணீரை ஏந்தும் பீலிக்குள்தான் போகும். இரண்டு வருடமாக மழை பெய்தால் பீலி நிரம்பி வாசல்படியிலேயே கொட்டியது, குளிர் தொடங்கினால் அதே படி உறைந்துவிடும். அம்மாவுக்கு 76 வயது, அந்தப் படியால்தான் இறங்க வேண்டும். அதனால்தான் இந்த வருடம் எப்படியும் இதைச் செய்து முடிப்பது என்று நின்றேன்.

முதலில் வந்தது ஒரு பெரிய கொம்பனியின் விற்பனையாளர். ஏணி கொண்டுவரவில்லை. முற்றத்தில் நின்று மேலே பார்த்துவிட்டு உள்ளே வந்து மேசையில் மாதிரித் துண்டை வைத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். இலையும் விதையும் விழாமல் வீடு முழுக்கப் பீலிக்கு மூடி போட 6,800 டொலர், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் 4,900. வைத்துவிட்டேன். இரவு நித்திரை வரவில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளும் 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். அடுத்த நாளே எழுதி அனுப்பினேன், முற்பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

அப்புறம் வேலையிடத்து நண்பர் ஒருவர் சொல்லி, தனியாக வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பீலிக்காரர் வந்தார். வந்ததும் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார், பிறகு என்னையும் ஏறிப் பார்க்கச் சொன்னார். பீலியின் நடுவில் சேறு, அதற்குள் ஒரு சாண் உயரத்துக்கு ஏழெட்டு மேப்பிள் கன்றுகள் வேர் விட்டு நின்றன. பக்கத்தில் பீலியைப் பலகையோடு பிடித்திருந்த நீள ஆணி ஒன்றை இரண்டு விரலால் இழுத்தார், அப்படியே கையோடு வந்தது. தோட்டக் குழாயால் ஒரு முனையில் தண்ணீர் விட்டால் அது, தண்ணீரைக் கீழே இறக்கும் வெளிக்குழாய்ப் பக்கம் ஓடவில்லை, நடுவில் தேங்கி நின்றது.

"அண்ணை, உங்கட பீலி தொய்ஞ்சு போச்சு. இதுக்கு மேல மூடியைப் போட்டால் பிழை மறையும், தண்ணி போகாது" என்றார்.

10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும் என்று சொல்லி மட்டம் வைத்துக் காட்டினார். மூன்று அடிக்கு ஒன்றாக இருந்த ஆணிகளை எடுத்துவிட்டு, பனிப்பாரம் தாங்க 16 அங்குலத்துக்கு ஒரு திருகாணிக் கொளுக்கி அடித்தார். வெளிக்குழாய் 2 அங்குலத்துக்கு 3 அங்குலம், அதை 3க்கு 4 ஆக்கினார். வாய்ப் பரப்பு இரட்டிப்பு என்பதால் விதைகள் வளைவில் சிக்காமல் இறங்கிவிடும். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,500 லீற்றர் தண்ணீர். அது முழுக்கச் சுவரடியில் கொட்டினால் பேஸ்மென்ட் என்ன ஆகும்? அதற்காகக் கீழேயும் 6 அடி நீட்டுக்குழாய் போட்டுத் தந்தார்.

மூடியைப் பற்றி நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்பக்கம் மரமே இல்லை, அங்கே காசைப் போடாதீர்கள் என்றார். ஸ்பொஞ்ச் மாதிரி உள்ளே அடைக்கிற சாமான் வேண்டவே வேண்டாம், விதை அதிலேயே முளைக்கும். மிக நுண்ணிய வலை நல்லதுதான், ஆனால் கூரை ஓட்டிலிருந்து உதிரும் மணலும் மகரந்தமும் படிந்தால் பெருமழைத் தண்ணீர் அதன் மேலாகவே பாய்ந்து வெளியே விழும், ஆகவே அதையும் யாராவது ஏறித் துடைக்க வேண்டும். முன்பக்கத்துக்கு வேண்டுமானால் துளை போட்ட அலுமினியம், அதுவும் பீலியிலேயே திருகிப் பூட்டுவது. கூரை ஓட்டுக்கு அடியில் செருகினால் சில ஓடுகளுக்கு உத்தரவாதம் போய்விடுமாம்.

கூரை விளிம்பில் கட்டும் பனிக்கட்டிக்கும் வழி கேட்டேன். அது பீலியின் குற்றம் இல்லை, வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை உருக்குகிறது, உருகினது விளிம்பில் வந்து உறைகிறது, கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் சூடு கசியாமல் தடுக்கும் இன்சுலேஷனும் காற்றோட்டமும் பாருங்கள் என்றார். அது அவர் செய்யும் வேலையே இல்லை, இருந்தும் சொன்னார். எனக்கு ஆளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

குறையும் உண்டு. சொன்ன நாளைவிட இரண்டு கிழமை பிந்தித்தான் வந்தார், பகலில் அழைத்தால் எடுப்பதே இல்லை. மூலையில் பூசிய பசை கொஞ்சம் வழிந்து நிற்கிறது, வாசலில் நின்றால் தெரியும். ஆனால் முதலே எழுதித் தந்த 460 டொலரும் வரியும்தான், ஒரு சதம் கூடவில்லை.

போன கிழமை இரவு முழுக்கப் பெய்த மழையில் குடையோடு வெளியே போய் நின்று பார்த்தேன். வாசல்படிக்கு மேலே பீலியிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, தண்ணீர் முழுக்க நீட்டுக்குழாய் வழியாகப் புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. இலை கொட்டி முடிந்ததும் நவம்பரில் துப்புரவாக்க வரச் சொல்லியிருக்கிறேன். முன்பக்க மூடி தேவையா என்று அப்போது பீலிக்குள் கிடப்பதைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார்.