பாத எரிச்சலுக்கு ஏழு ஆண்டுகள்: சூரணமும் மாத்திரையும்

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை நோய் 2006இல் வந்தது. பாத எரிச்சல் 2017 கடைசியில் தொடங்கியது. பகலில் மெஷின் மிதிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. இரவு படுத்ததும் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காந்தும். போர்வை பட்டாலே சுள்ளென்று இருக்கும். காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்த இரவுகள் பல.

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று எனக்குச் சொல்லாதவர்களே இல்லை. அந்தப் பயத்தில் ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, இரவில் பிண்ட தைலம் என்று ஆரம்பித்தேன். தைலத்தைக் குறை சொல்ல மாட்டேன். மனைவி தேய்த்துவிட்டால் கண் அசரும் அளவுக்கு இதமாக இருக்கும். இன்றும் தேய்த்துக்கொள்கிறேன்.

தவறு அதற்கு அடுத்தது. ஒருவர் சூரணம் ஒன்றைக் கொடுத்தார். பொட்டலத்தில் பெயரும் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார், குறைத்தேன். எட்டு மாதத்தில் எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. குணமாகிவிட்டது என்று நம்பி, வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் அந்தச் சூரணத்தைச் சிபாரிசு செய்தேன்.

2019இல் ஒரு மாலை, வெட்டிப் போட்டிருந்த வெள்ளைத் துணியில் ரத்தக் கறை. "என்னங்க, உங்கள் காலிலிருந்துதான் வருகிறது" என்றாள் மனைவி. உடைந்த மெஷின் ஊசியின் முனை குதிகாலில் புதைந்திருந்தது. எப்போது ஏறியது என்றே எனக்குத் தெரியவில்லை.

மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு போன்ற ஒன்றைப் பாதத்தில் பத்து இடங்களில் அழுத்தினார். மூன்று இடங்களில்தான் உணர்ந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 10.6 சதவீதம், மிக அதிகம். "எரிச்சல் குணமாகவில்லை ஐயா, பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது" என்றார். நான் ஊருக்கெல்லாம் சொன்ன குணம் அதுதான்.

பாதம் மரத்துப்போனாலும், அதற்குள் எரிச்சல் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை 75 மில்லிகிராம் இரவில் கொடுத்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். ஆனால் முதல் பத்து நாள் தலை சுற்றியது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆறு மாதத்தில் நான்கு கிலோ ஏறியது, கணுக்கால் வீங்கியது. பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து (சட்டென்று நிறுத்தக் கூடாது) டுலாக்செட்டின் என்ற இன்னொரு நரம்பு வலி மாத்திரைக்கு மாற்றினார். முதலில் 30, பிறகு 60 மில்லிகிராம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டும் சில நாள் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. வலி பாதியாகக் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இந்த மாத்திரைகளும் வலியைத்தான் அடக்குகின்றன. போன நரம்பு திரும்பி வராது. இதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சூரணம் கொடுத்தவர் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை.

யாரும் எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டதில் எனக்கு வைட்டமின் பி12 குறைந்திருந்தது. அந்தக் குறையும் நரம்பைக் கெடுக்கும். ஊசி போட்டபின் கைவிரல் மதமதப்பு விட்டது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் இந்த ஒரு பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

மூலிகையை நான் ஒதுக்கவில்லை. வலிக்குத் தடவும் கேப்சைசின் களிம்பே மிளகாயின் காரச் சத்துதான். ஆனால் சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு அதையும் குடித்த ஒரு காலை, கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கி, வியர்த்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறேன்.

இரவு கடையைப் பூட்டுவதற்கு முன் செருப்பைத் தட்டிப் பார்ப்பேன். கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பார்ப்பேன். போன வாரம் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தது. வலியே இல்லை. மறுநாள் காலையிலேயே போய்க் காட்டிவிட்டேன்.